பாலவனத்தம் ஜமீனும் ஆயிரம் பக்கப் புத்தகமும்

நரிக்குடியில் ரயில் ஏறி விருதுநகர் பக்கம் போனால் திருச்சுழி வரும், அப்புறம் அருப்புக்கோட்டை வரும். வழியெல்லாம் கண்மாய், மானாவாரிக் காடு, மீதி இடமெல்லாம் சீமைக்கருவேலம். திருச்சுழி என்றால் ரமணர் பிறந்த ஊர், அருப்புக்கோட்டை என்றால் தறி என்று வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் இருக்கும் பாலவனத்தம் மட்டும் பலருக்கு ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். ஆனால் தமிழின் முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லப்படும் 'அபிதான சிந்தாமணி' அச்சில் வந்ததற்குக் காரணம் இந்தப் பாலவனத்தம் ஜமீன்தார்தான். அவர் பெயர் பாண்டித்துரைத் தேவர் (1867 - 1911). மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவரே.

அபிதான சிந்தாமணியைத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். புராணம், இலக்கியம், அரசர்கள், ஊர்கள், மருந்துகள், சாத்திரங்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வருஷக்கணக்கில் எழுதிக் குவித்திருந்தார். எழுதுவது ஒருவர் உழைப்பு, முடிந்துவிட்டது. அச்சிடுவது அப்படியில்லை. பலரிடம் உதவி கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பாண்டித்துரைத் தேவர் பொறுப்பேற்க, மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1910இல் புத்தகம் வந்தது. 1050 பக்கங்கள்.

இன்றைக்கு 1050 பக்கம் என்றால் ஒரு பி.டி.எஃப். ஃபைல், பென் டிரைவில் ஒரு ஓரத்தில் கிடக்கும். அன்றைக்கு அது ஈயம். இது புரிந்தால்தான் நீளமான புத்தகம் ஏன் தனிப் பிரச்சினை என்பதும் புரியும்.

கையால் அச்சுக் கோக்கும் காலத்தில் கம்பாசிட்டர் முன்னால் எழுத்துப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்து. இங்கிலீஷ் கம்பாசிட்டருக்கு 26 சின்ன எழுத்து, 26 பெரிய எழுத்து, எண்கள், குறிகள், முடிந்தது கதை. தமிழுக்கு கு, கூ, சு, சூ என்று ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி அச்சு வேண்டும். கி, கீ வரிசையும் தனி. போதாக்குறைக்கு அன்றைய ணா, றா, னா ஆகியவை கால் போடாமல் வளைந்த ஒற்றை எழுத்துகள். ணை, லை, ளை, னை நான்கும் மேலே கொம்பு சுழித்தவை. கூடவே கிரந்த எழுத்துகள். புராணப் பெயர்கள் நிறைந்த புத்தகத்தில் கிரந்தம் இல்லாமல் நகர முடியாது. ஒரு எழுத்தை எடுக்க கை போக வேண்டிய தூரமே இங்கிலீஷை விட அதிகம்.

சரி, கோத்தாயிற்று. ஒரு பக்கம் எழுத்து என்ன எடை இருக்கும்? அச்செழுத்தின் உயரம் ஏறக்குறைய முக்கால் அங்குலத்தை விடக் கொஞ்சம் கூட, உலோகம் பெரும்பாலும் ஈயம். நெருக்கமாகக் கோத்த ஒரு பெரிய பக்கத்துக்கு 4 கிலோ என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 1050 பக்கத்துக்கு 4200 கிலோ. நாலு டன்னுக்கு மேல்! எந்த அச்சாபீஸிலும் ஒரே புத்தகத்துக்காக இவ்வளவு எழுத்தை முடக்கிப் போட மாட்டார்கள். அதனால் எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கோத்து, புரூஃப் பார்த்து, ஒரு ஃபாரமாக அச்சிட்டு, உடனே எழுத்தையெல்லாம் பிரித்துப் பழையபடி பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதே எழுத்துதான் அடுத்த ஃபாரத்துக்கு. பதினாறு பக்க ஃபாரம் என்றால் இந்தப் புத்தகத்துக்கு 66 தடவை கோத்துக் கலைக்க வேண்டும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். முதல் ஃபாரம் அச்சாகிவிட்டால் அது முடிந்த கதை. 'அ' வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனது 'த' வரிசை அச்சாகும்போது நினைவுக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, பின்னிணைப்பில்தான் போட வேண்டும். '732ஆம் பக்கம் பார்க்க' என்று 20ஆம் பக்கத்தில் எழுதவும் முடியாது, ஏனென்றால் 732ஆம் பக்கம் இன்னும் பிறக்கவே இல்லை. அகராதிகளில் பக்க எண் கொடுக்காமல் 'இன்ன சொல்லைக் காண்க' என்று மட்டும் போடும் வழக்கம் இதற்கு எவ்வளவு வசதி! அகர வரிசை என்பது தேடுகிறவருக்கு மட்டுமல்ல, அச்சுக் கோக்கிறவருக்கும் உதவுகிற ஏற்பாடு.

எழுத்தின் அளவு இன்னொரு பிரச்சினை. தமிழ்நாட்டில் இது முதன்முதலாகப் பெரிய அளவில் தலைதூக்கியது தரங்கம்பாடியில். சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட நினைத்தபோது தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து 1713இல் அனுப்பினார்கள். எழுத்து வந்தது, ஆனால் பெரிது. அந்த அளவில் முழுப் புத்தகத்தையும் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு வேண்டிய ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வந்தன, மீதி 1715இல் வந்தது. பக்கத்தில் பொறையாறில் காகித ஆலை ஒன்றும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நீளமான புத்தகத்துக்காக எழுத்து வார்ப்பு, காகித ஆலை என்று ஒரு தொழிலையே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்து குறிப்பிட வேண்டியவர் பி. ஆர். ஹண்ட். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்தியவர். தெளிவான, சிறிய தமிழ் எழுத்துகளை உருவாக்கியதில் இவர் பங்கு பெரிது. 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் இந்த அச்சகத்தில்தான் வந்தது. ஒரே தொகுதியில் அவ்வளவு சொற்கள் அடங்கியதற்கு வின்சுலோவின் உழைப்பு எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் எழுத்தின் பொடி அளவும். அகராதியின் முகப்பில் தொகுத்தவர் பெயர்தான் பெரிதாக நிற்கும். அச்சுக் கோத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது.

மறுபடி சிங்காரவேலு முதலியாருக்கு வருவோம். 1910இல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டே, 1911 டிசம்பரில், பாண்டித்துரைத் தேவர் காலமானார், வயது 44. முதலியாரோ புத்தகத்தை விடவில்லை. விட்டுப்போனவை, புதிதாகக் கிடைத்தவை என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பதிப்பித்த நூல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது, சேர்க்க வேண்டியவை பெருகியபடியே இருந்தன. இன்றைக்கு என்றால் ஃபைலைத் திறந்து இடையில் நாலு வரி சேர்த்து சேவ் செய்துவிடலாம். 1910இல் கோத்த எழுத்தோ அந்தந்த ஃபாரம் அச்சானதுமே கலைக்கப்பட்டாயிற்று. இரண்டாம் பதிப்பு என்றால் மாற்றாத வரி உட்பட முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும், மறுபடி புரூஃப் பார்க்க வேண்டும். பழைய பிழைகள் திருந்தும், புதுப் பிழைகள் முளைக்கும். செலவும் ஏறக்குறைய முதலிலிருந்து.

1931இல் முதலியார் இறந்துபோனார். இரண்டாம் பதிப்பு அவர் மகனின் முயற்சியில் 1934இல் வந்தது. 1634 பக்கங்கள். முதல் பதிப்பை விட 584 பக்கம் கூடுதல். அந்தக் கூடுதல் பக்கங்களில் ஒன்றைக்கூட அவர் புத்தகமாகப் பார்க்கவில்லை. பிற்பாடு டெல்லியில் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் இதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது பழைய பக்கங்களைப் படமெடுத்து அப்படியே அச்சிட்டார்கள். 1634 பக்கத்தை மறுபடி கோப்பதை நினைத்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

இதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் வேறு வழி பிடித்தது. தமிழ் லெக்சிகன் வேலை 1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. 1926இலிருந்து எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். எல்லாம் முடிந்த பிறகு அச்சிடலாம் என்று காத்திருக்காமல் 1924 முதல் சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டார்கள். 1936இல் ஆறு தொகுதிகள் முடிந்தன, 1,04,405 சொற்கள். அதற்குள் முதல் பகுதிகள் வெளிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதே, விட்டுப்போனவை என்ன ஆவது? 13,357 சொற்களோடு 1939இல் தனியாக ஒரு அநுபந்தத் தொகுதி போட்டார்கள். ஆக லெக்சிகனில் ஒரு சொல்லைத் தேடுகிறவர் இரண்டு இடத்தில் தேட வேண்டும். அந்தச் சங்கடத்துக்குக் காரணம் அறிஞர்களின் கவனக்குறைவு இல்லை. அச்சான பக்கத்தில் இடைச்செருக முடியாது என்பதே காரணம். பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும் இப்படியே 1954 முதல் 1968 வரை தொகுதி தொகுதியாக, பத்துத் தொகுதிகளில் வந்தது.

லெக்சிகனுக்குத் தமிழ் எழுத்து மட்டும் போதவில்லை. ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் ரோமன் ஒலிபெயர்ப்பு, அதற்கு மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்ட எழுத்துகள், பிறகு இங்கிலீஷ் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் நூலின் சுருக்கப் பெயர். ஒரே வரியில் மூன்று நான்கு வகைப் பெட்டிகளுக்குக் கை போய்வர வேண்டும். அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்து வியக்கிறார்கள், வியக்க வேண்டியது வரிகளைப் பார்த்து.

இப்போது கொஞ்சம் வெளியூர் போய்வரலாம். 1977இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத்துக்கு ஒரு புரூஃப் வந்தது. அவருடைய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' வரிசையின் இரண்டாம் தொகுதி, இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பு உலோக எழுத்தில் அழகாக வந்திருந்தது. இடையில் உலோகம் போய் ஒளிப்பட அச்சுக்கோப்பு வந்துவிட, புதுப் புரூஃப் அவருக்குக் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. ஏழு தொகுதிகளாகத் திட்டமிட்ட புத்தகம் அது. நம்மூர்க்காரர் என்றால் பிரஸ்காரரைத் திட்டிவிட்டு அடுத்த பிரஸ் பார்ப்பார். நூத் தாமே அச்சுக் கோக்கும் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஏறக்குறைய பத்து வருஷம் இழுத்தது. அதுதான் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லாடெக்.

டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3.14, 3.141 என்று 'பை'யை நோக்கி நகரும். 2021இல் வந்தது 3.141592653. தன் புத்தகங்களில் தவறு கண்டுபிடித்தவர்களுக்கு நூத் 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார், பெரும்பாலோர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள் :-)

நீளமான புத்தகத்துக்கு டெக் ஏன் பொருந்துகிறது? கம்பாசிட்டரின் கஷ்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். எழுத்தாளர் எழுதுவது வெறும் உரை, எந்தச் சாதாரண எடிட்டரிலும் திறக்கும். பக்கமாக்குவது தனி வேலை, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். 'அ' வரிசையில் ஒரு பெயரைச் சேர்த்தால் அடுத்த ஓட்டத்தில் 1634 பக்கமும் தானே நகர்ந்துகொள்ளும். '732ஆம் பக்கம் பார்க்க' என்ற பிரச்சினையும் தீர்ந்தது. லாடெக் முதல் ஓட்டத்தில் எது எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று ஒரு துணை ஃபைலில் குறித்துக்கொள்கிறது, இரண்டாம் ஓட்டத்தில் அந்த எண்ணை எல்லா இடத்திலும் நிரப்புகிறது. அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் என்று வைத்துக்கொண்டு, திருத்துகிற அத்தியாயத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கவும் வழியுண்டு. பழைய ஃபாரம் முறைதான், கலைக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

தமிழ்? அங்கேதான் சிக்கல். 1990 வாக்கில் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ரிட்ஜ்வே டெக்கில் தமிழ் எழுத்து வர ஒரு எழுத்துருவும் முறையும் செய்தார். தமிழை ரோமன் எழுத்தில் தட்டினால் பக்கத்தில் தமிழ் வரும். ஆராய்ச்சியாளர்களுக்கு அது போதும். சென்னையிலும் மதுரையிலும் சிவகாசியிலும் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்களுக்கு அது போதாது. அவர்கள் எடுத்துக்கொண்டது பேஜ்மேக்கர். திரையில் பார்ப்பது பேப்பரில் வரும், பையனை ஒரு மாதம் பழக்கினால் வேலை செய்வான். கல்யாணப் பத்திரிகைக்கும் காலண்டருக்கும் நோட்டீஸுக்கும் அதைவிடச் சரியான கருவி கிடையாது. சிவகாசி ஆஃப்செட் தொழிலின் வேகத்துக்கும் அது ஈடுகொடுத்தது. தப்பான தேர்வு என்று சொல்லவே முடியாது, எட்டுப் பக்க வேலைக்கு.

ஆயிரம் பக்க வேலைக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, ஏதோ இங்கிலீஷ் கிறுக்கல். அதனால் வரி முடிவில் 'கா' என்பதில் க ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் நிற்கும். கொம்பு மட்டும் வரிக் கடைசியில் அநாதையாகத் தொங்கும். உலோக எழுத்துக் காலத்தில் இந்தக் கூத்து கிடையாது. சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைப்பார்கள், கோடு கூடப் போடாமல் உடைப்பார்கள், ஆனால் எழுத்தை உடைக்க மாட்டார்கள். கம்பாசிட்டருக்குத் தமிழ் தெரியும். பேஜ்மேக்கருக்குத் தெரியாது.

எழுத்துரு கம்பெனிக்கு ஒரு குறியேற்றம் வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் என்று தரப்படுத்திப் பார்த்தார்கள். இணையத்தில் டிஸ்கி ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டித் தந்த பழந்தமிழ் நூல்களை முதலில் இத்தகைய குறியேற்றங்களில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அச்சுக் கோத்ததற்குச் சமம் என்று சொன்னால் மிகை. ஆனால் மாற்றியில் போட்டு எடுத்த உரையை மறுபடி புரூஃப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதோடு அடோபி நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டு இன்டிசைன் பக்கம் போய்விட்டது. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வர 2012இல் சி.எஸ்.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் வசதியைப் பிந்தைய இன்டிசைன் பதிப்புகளில் எடுத்தும்விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பேஜ்மேக்கரில் கோத்த எத்தனையோ பெரிய தமிழ்ப் புத்தகங்களின் மூல ஃபைல்கள் பழைய சி.டி.களில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லை, மென்பொருள் இல்லை, சி.டி. டிரைவும் இல்லை. 1910இல் எழுத்தைக் கலைத்தார்கள். இது கலைக்காமலே கலைந்துபோனது.

இன்னொரு பக்கம் ஜொனாதன் கியூ 2004இல் கொண்டுவந்த ஸீடெக், யூனிகோடு உரையையும் ஓபன்டைப் எழுத்துருவையும் நேராக எடுத்துக்கொள்ளும் டெக். தமிழைத் தமிழாகவே தட்டலாம், கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டியே நிற்கும். தமிழுக்குச் சொல் உடைக்கும் விதிகளும் சேர்ந்துவிட்டன. தமிழுக்கு இது சின்ன விஷயமில்லை. 'சொல்லிக்கொண்டிருக்கிறார்களென்றால்' மாதிரிச் சொற்கள் இரண்டு பத்தி அகலத்தில் சிக்கினால், உடைக்கத் தெரியாத மென்பொருள் மீதிச் சொற்களுக்கு நடுவே கண்மாய் கண்மாயாக இடைவெளி விட்டுவிடும். டெக் வரியை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பத்தி முழுவதையும் பார்த்துவிட்டு எங்கே உடைப்பது என்று முடிவு செய்கிறது. நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் எழுதிய முறை அது. இடைவெளிகள் ஓரளவு சீராக விழும்.

வேர்டில் முந்நூறு பக்க ஆய்வேடு தட்டுகிற மாணவர்கள் அருப்புக்கோட்டையிலும் இருக்கிறார்கள், ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கிறார்கள். தலைப்புகளுக்கு ஸ்டைல் போட்டு, பொருளடக்கத்தைத் தானாக வரவழைத்தால் வேர்டும் முந்நூறு பக்கத்தைத் தாங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் நிறுத்துகிறவர்களுக்கு எந்த மென்பொருளாலும் விமோசனம் இல்லை. பல ஃபைல்களைக் கோக்கும் 'மாஸ்டர் டாக்குமென்ட்' வசதி மட்டும் வேண்டாம், அது ஃபைலையே கெடுத்துவிடும் என்று வேர்டில் ஊறியவர்களே எச்சரிப்பார்கள். படங்கள் நிறைந்த, பக்கத்துக்குப் பக்கம் வடிவம் மாறும் புத்தகத்துக்கு இன்டிசைன்தான் சரி, டெக்கில் அதைச் செய்யப் புகுந்தால் புத்தகம் முடிவதற்குள் தலைமுடி கொட்டிவிடும். அகராதி, கலைக்களஞ்சியம், உரையோடு கூடிய பழைய நூல், சொல்லடைவு என்று ஒரே அச்சில் ஆயிரம் பக்கம் ஓடுகிறவற்றுக்கு டெக் குடும்பத்தை அடிக்க ஆள் இல்லை. லெக்சிகனின் அநுபந்தத்தை ஆறு தொகுதிகளுக்குள் உரிய இடத்தில் சேர்த்து ஒரே வரிசையாக்குவதெல்லாம், உரை ஒழுங்கான ஃபைலாக இருந்தால் அதற்கு ஒரு மதிய வேலை.

அந்த உரையும் இப்போது இருக்கிறது. தமிழ் லெக்சிகனைத் தட்டச்சு செய்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் திட்டம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. அபிதான சிந்தாமணியும் ஸ்கேன் செய்த பக்கங்களாக இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்த 'றா'வும் சுழித்த 'லை'யும் தெரியும். அங்கங்கே மை சரியாகப் பிடிக்காத எழுத்தும் தெரியும். எந்தக் கம்பாசிட்டர் கோத்ததோ.